வசந்தாமணி செருப்பைக் கழற்றிய வீடு

வெள்ளக்காட்டூரில், வெகுநாள் பூட்டிக் கிடக்கும் வீடுகள் உள்ளே வருகிற ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதில் வீட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீடு என்று ஒன்றைக் கட்டினால் அதில் ஆள் இருக்க வேண்டும். யாரும் வைக்கவில்லையென்றால் அது தானே தேடிக்கொள்கிறது. வாங்குவதற்காகப் பார்க்க வருகிறவர்களுக்குப் பெரிய ஆபத்தில்லை. அவர்கள் ஒரு தடவை வந்து, குழாயைத் திறந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிறவர்கள். மாட்டிக்கொள்வதெல்லாம் புரோக்கர்கள்தான். ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் வீட்டுக்கும் ஆசை வந்துவிடுகிறது.

மில் ரோட்டில் ஒரு வீட்டைக் காட்டப் போன குப்புராஜ் என்கிற புரோக்கர், கால் வலிக்கிறதே என்று அங்கிருந்த ஊஞ்சலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தேதான் கிடந்தன. ஆனால் எந்தக் கதவு வழியாக வெளியே போனாலும் அவர் சமையலறைக்குள்தான் வந்து சேர்ந்தார். பிற்பாடு அந்த வீடு விலை போனபோது, ஃபேன், தண்ணீர் மோட்டாரோடு குப்புராஜையும் பத்திரத்தில் சேர்த்தே எழுதினார்கள். வாங்கியவர்கள் நல்ல மாதிரி. நேரத்துக்குச் சாப்பாடு போடுகிறார்கள். அவர் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் வந்து ஜன்னலோரம் நின்று பேசிவிட்டுப் போகிறாள். இருந்தாலும் மோட்டாருக்கு அடுத்த வரியில் பத்திரத்தில் ஏற யாருக்கு ஆசை வரும்?

அதனால் அந்த ஊர் புரோக்கர்கள் சில பழக்கங்களைக் கைக்கொண்டிருந்தார்கள். காட்டப் போன வீட்டில் உட்கார மாட்டார்கள், வாயில் தண்ணீர் படாது. முக்கியமாகச் செருப்பைக் கழற்ற மாட்டார்கள். வாசலில் செருப்பை விட்டு உள்ளே வருகிறவர் உறவுக்காரர் என்று வீடு எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டுக்குள் நின்றுகொண்டு வீட்டைப் புகழக் கூடாது. புகழ்ந்தால் உருகிவிடும், உருகினால் விடாது. ஆகவே உள்ளே இருக்கும் மட்டும் திட்டுவார்கள். "இதெல்லாம் ஒரு ஹாலுங்களா, மாட்டுக் கொட்டாயி இதைவிடத் தேவலைங்க" என்பார்கள். தெருமுனை பேக்கரிக்கு வந்து டீ சொன்ன பிறகுதான், "அந்த ஹால் மாதிரி இந்தப் பக்கத்துல எங்கீங்க கிடைக்கும்?" என்று ஆரம்பிப்பார்கள். வாங்குகிறவர்களுக்கும் இது பழகிப்போயிற்று. உள்ளே அதிகமாகத் திட்டு வாங்கின வீடுதான் நல்ல வீடு என்று முடிவுகட்டி அட்வான்ஸ் கொடுத்தார்கள்.

வசந்தாமணி திட்டுவதில் கெட்டிக்காரி. அவள் திட்டி முடித்தால் சுண்ணாம்பு உதிரும். அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து மாவு மில் வைத்திருந்தார். அவர் வாயே திறக்காத மனுஷன். வீட்டுக்குத் தேவையான பேச்சு முழுவதையும் இவள் ஒருத்தியே பேசிப் பழகியிருந்தாள். மகள் பள்ளிக்கூடம் போன கையோடு புரோக்கர் தொழிலுக்கு வந்தவள், இப்போது மகள் கல்லூரிக்குப் போகிறாள்.

வீடுகள் மட்டும்தான் ஆளைப் பிடித்து வைக்கும் என்றில்லையே. வீடு பார்க்க வேண்டும் என்று தனியாகக் கிளம்பி வருகிற ஆண்களில் சிலர் வீடு பார்க்க வருவதில்லை. அதற்கும் வசந்தாமணியிடம் பழக்கங்கள் இருந்தன. புது ஆளை முதலில் பேக்கரியில் உட்காரவைத்து முகம் பார்ப்பாள். ஆதார் கார்டைப் படம் பிடித்து நாச்சிமுத்துவுக்கு அனுப்புவாள். வீட்டுக்குள் ஆளை முன்னால் போகவிட்டுத் தான் கதவுப் பக்கமே நிற்பாள். கூட்டாளி புரோக்கரான ரோசலினைக் கூப்பிட்டு, போனை அணைக்காமல் கையில் வைத்திருப்பாள். ஏதாவது சரியில்லை என்றால் அவள் போனில் "மோர்க்குழம்பு வெச்சியா?" என்று கேட்க வேண்டும். கேட்டால் ரோசலின் அந்தத் தெருவையே திரட்டிக்கொண்டு வந்துவிடுவாள். இதுவரைக்கும் இரண்டு தடவை கேட்க நேர்ந்திருக்கிறது. இரண்டு தடவையும் ரோசலின் உலக்கையோடு வந்தாள்.

கிணற்று வீதியின் கடைசியில் ஒரு வீடு வசந்தாமணியின் கையில் இருந்தது. சொந்தக்காரர் மஸ்கட்டில். தோதான விலை சொல்லத் தெரியாத ஆள். சிவப்புத் தரை, கிழக்கே பெரிய ஜன்னல், ஓடைப் பக்கத்திலிருந்து நாள் முழுக்கக் காற்று. எத்தனையோ பேருக்குக் காட்டிவிட்டாள், எத்தனையோ விதமாகத் திட்டியும் விட்டாள். விலையைக் கேட்டதும் எல்லோரும் எழுந்து போனார்கள். பிறகு கேட்க வருகிறவர்களும் நின்றுபோனார்கள். மாதத்துக்கு ஒரு தடவை ஜன்னல்களைத் திறந்துவிட அவள் மட்டும் போய்வந்தாள். பழக்க தோஷத்தில், "நீயெல்லாம் ஒரு வூடா?" என்று சொல்லிக்கொண்டேதான் கொண்டியை நீக்குவாள். ஒரு தடவை அப்படிச் சொன்னபோது, மூலையில் ஒரு துண்டுப் பூச்சு சத்தமில்லாமல் கழன்று விழுந்தது. வசந்தாமணிக்குச் சங்கடமாகப் போய்விட்டது. பூட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போனாள். டீ ஆற்றுகிறவரிடம் அந்த வீட்டின் காற்றைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் விடாமல் சொல்லித் தீர்த்தாள். அதில் ஒரு சொல்கூட வீட்டின் காதுக்குப் போகவில்லை. போகக் கூடாது என்பதுதானே ஏற்பாடு.

அந்தச் சமயத்தில்தான் சபேசன் என்று ஒருவர் போன் பண்ணினார். சென்னைக்காரர், தனியாக வருகிறாராம், அந்த வீட்டையே குறிப்பிட்டுக் கேட்டார். மத்தியானம் பார்க்கலாம் என்றார். மத்தியானத்தில் கிணற்று வீதியில் நாய்கூட நடமாடாது. வசந்தாமணிக்கு இதெல்லாம் தெரியாததில்லை. ஆனாலும் எத்தனையோ நாள் கழித்து அந்த வீட்டைப் பார்க்க ஒரு ஆள் வருகிறதே என்ற சந்தோஷம் அவளுக்கு. பெண் பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட பெண்ணின் அம்மாவைப்போலக் காலையிலேயே போய் வீட்டைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்தாள்.

பேக்கரியில் அந்த ஆள் டீ வேண்டாம் என்றார். ஆதார் கார்டு காரில் இருக்கிறது, அப்புறம் தருகிறேன் என்றார். சென்ட் வாசம் தூக்கலாக இருந்தது. இன்னொரு நாளாக இருந்தால் வசந்தாமணி, "கார்டை எடுத்துட்டு வாங்க சார், நான் இங்கியே உக்காந்திருக்கறேன்" என்று பெஞ்சை விட்டு நகர்ந்திருக்க மாட்டாள். அன்று நகர்ந்தாள். வீடு காத்துக்கொண்டிருக்கிறதே என்றுதான் நகர்ந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

"நீங்க முன்னாடி போங்க சார்."

"லேடீஸ் ஃபர்ஸ்ட் மேடம்."

"இல்லீங்க, எங்கூர்ல வாங்கறவங்கதான் முன்னாடி."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். வசந்தாமணி நிலைப்படிக்குப் பக்கத்தில் நின்று, வழக்கம்போல ஆரம்பித்தாள். தரை ஒரே வெடிப்பு, ஜன்னலில் வெயில் வந்து ஆளைப் பொசுக்கும், காற்று அடித்தால் தூசி. அவர் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு அறையையும் எட்டிப் பார்க்கவில்லை. குழாயைத் திறக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் என்ன பண்ணுகிறார், எப்போது வருவார் என்று கேட்டார். பிறகு மேலே சீலிங்கில் ஏதோ ஈரம் தெரிகிறதே, கிட்டே வந்து பாருங்கள் என்றார். இரண்டு எட்டு வைத்து அவள் அண்ணாந்து பார்த்த நேரத்தில், அவர் சுற்றிக்கொண்டு வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டார்.

"ரோசு, மோர்க்குழம்..." என்பதற்குள் போன் அவர் கைக்குப் போயிருந்தது. அணைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். இனி அவரை 'அவர்' என்பானேன்.

"பயப்படாதீங்க மேடம். சும்மா பேசிட்டிருப்போம்" என்றான்.

கத்தினால் கேட்கக் கிணற்று வீதியில் யாருமில்லை. ரோசலினுக்குப் பாதிச் சொல் போயிருக்கிறது, அவள் கிளம்பிவிடுவாள். ஆனால் அவள் இருப்பது ஊரின் அந்தக் கோடியில். அதுவரை இந்த ஹாலில் இருப்பது இந்த ஆளும், தானும், இந்த வீடும்தான் என்று வசந்தாமணிக்குப் பட்டது. மூன்று பேரில் யாரை நம்புவது என்று யோசித்தாள். யோசித்து முடித்ததும் வலது காலிலிருந்து செருப்பைக் கழற்றினாள். பிறகு இடது காலிலிருந்தும் கழற்றினாள். இரண்டையும் சுவரோரமாகச் சேர்த்து வைத்தாள். சிவப்புத் தரையில் வெறுங்காலோடு நின்றாள். எப்பேர்ப்பட்ட காரியம் செய்கிறோம் என்று தெரிந்தேதான் நின்றாள்.

"கண்ணு" என்று கூப்பிட்டாள். அவன் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"நான் உன்னைய திட்டினதெல்லாம் பொய்யி. அத்தனையும் பொய்யி. இந்தத் தரை மாதிரி நான் எங்கியும் பார்த்ததில்லை. சித்திரை வெயில்ல வந்து நின்னாலும் செருப்பைத் தாண்டிக் குளுகுளுன்னு ஏறும். காத்தால அந்தச் சன்னல்ல உழுகற வெளிச்சத்தைப் பாக்கறதுக்குன்னே நான் வெள்ளெனக் கெளம்பி வந்திருக்கறேன். சன்னலைத் தொறக்கறதுக்குன்னு எங்க வூட்டுக்காரர்கிட்டப் பொய் சொல்லிட்டு வருவேன். உன்னைய ஆரும் வாங்காததுக்கு நீ என்ன பண்ணுவே? வெலை சொல்லத் தெரியாதவன் ஒருத்தன் மஸ்கட்டுல குந்திட்டிருக்கறான். உன்மேல ஒரு கொறையுமில்லை சாமி."

இத்தனை நாளும் பேக்கரியில் போய்ச் சொன்னதை உரிய இடத்தில் சொல்கிறபோது அழுகை வருமென்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"என்னைய நீயே வெச்சுக்கோ. எங்க வூட்டுக்காரரும் புள்ளையும் சன்னல்ல வந்து பாத்துட்டுப் போகட்டும். இவங்கிட்ட மட்டும் என்னைய உட்டுடாதே."

"யார்கிட்ட பேசறீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவன் அவளை நோக்கி நடந்தான்.

நடந்தான். இன்னும் நடந்தான். ஹால் கொஞ்சம் நீண்டிருந்தது. அவன் வேகமாக நடந்தான், ஹாலும் வேகமாக நீண்டது. அவன் ஓடத் தொடங்கியபோது எதிர்ச்சுவரே கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போயிருந்தது. அந்தச் சிவப்புத் தரையில் அவன் ஒரு கட்டெறும்பு அளவுக்குச் சிறுத்துப் போனான். ஏதோ கத்தினான் போலிருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து ஒன்றும் கேட்கவில்லை.

அவன் சாத்திய வாசல் கதவு இப்போது வசந்தாமணிக்குப் பக்கத்தில் வந்து, தாழ் நீங்கித் திறந்துகொண்டது. அவள் உடனே போகவில்லை. வெளியே போனால் சமையலறைதானே வரப்போகிறது என்று குப்புராஜை நினைத்துக்கொண்டாள். மகளுக்குச் சாயங்காலம் யார் இட்லி ஊற்றுவார்கள் என்றும் நினைத்தாள். பிறகு நடப்பது நடக்கட்டும் என்று படியைத் தாண்டினாள். சுரீரென்று தார் ரோடு சுட்டது. கிணற்று வீதியேதான். வீடு அவளை விட்டுவிட்டது.

வெயிலில் வெறுங்காலோடு அவள் பேக்கரி வரைக்கும் ஓடினாள். எதிரே ரோசலின் உலக்கையோடு வந்துகொண்டிருந்தாள், பின்னால் ஏழெட்டுப் பேர்.

"அக்கா, செருப்பு எங்கக்கா?"

"உள்ள உட்டுட்டு வந்துட்டேன் ரோசு."

ரோசலின் அவளுக்குப் பின்னால் பார்த்தாள். வீடு வந்துகொண்டிருந்தது. பழக்கமில்லாத நடை, மதில் சுவர்களில் இடிக்காமல் ஒருக்களித்து, கரண்ட் கம்பிக்குக் குனிந்து, மெதுவாக வந்தது. பேக்கரிக்கு எதிரே வந்து நின்றது. அதன் முதல் படியில் வசந்தாமணியின் செருப்பு இரண்டும் போட்டுக்கொள்ளத் தோதாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. அவள் போட்டுக்கொண்டாள். பேக்கரிக்காரர் அவளுக்கு ஒரு சோடாவும், வீட்டின் படியில் ஒரு சொம்புத் தண்ணீரும் ஊற்றினார்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் வீடு கூடவே வந்தது. எஸ்.ஐ. அம்மா வசந்தாமணியை உட்காரவைத்து முழுவதையும் கேட்டார். "ஆள் இப்ப எங்க?" என்றார். ஹாலில் நடந்துகொண்டிருக்கிறான் என்று வசந்தாமணி சொன்னாள். ஒரு கான்ஸ்டபிள் போய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து, தூரமாகத்தான் தெரிகிறான் மேடம், வர நேரமாகும் என்றார். தப்பித்துப் போக வழி இல்லாததால் யாரும் அவசரப்படவில்லை. நாலு நாள் நடந்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் வாசலுக்கு வந்து சேர்ந்தான். ஷூ தேய்ந்து விரல் வெளியே தெரிந்தது. தண்ணீர் கேட்டான், கொடுத்தார்கள். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து கைது செய்தார்கள். அவன்மேல் வேறு ஊர்களிலும் இதே மாதிரி புகார்கள் இருந்தன.

அதற்குப் பிறகு வீடு கிணற்று வீதிக்குத் திரும்பவில்லை. மாவு மில்லுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் காலியாக இருந்த இடத்தில் வந்து ஒதுங்கி நின்றுகொண்டது. நாச்சிமுத்து காலையில் மில் திறக்க வந்து பார்த்தார். "கொஞ்சம் தள்ளி நில்லு, வண்டி திரும்பணும்" என்றார். தள்ளி நின்றது. அந்த வாரத்தில் அவர் பேசிய நீண்ட வாக்கியம் அதுதான். மஸ்கட்காரருக்குச் சமாச்சாரம் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை. வீடு இல்லாத வெறும் மனைக்குத்தான் இப்போது கிராக்கி என்று சொல்லி, மனையை அதே விலைக்கு விற்கச் சொன்னார். உடனே விலை போயிற்று.

வசந்தாமணிதான் தேறவில்லை. ஆடி மாதத்தில் யாரும் வீடு பார்க்க வர மாட்டார்கள் என்பதால், அவள் முடங்கிக் கிடந்தது ஊருக்குத் தெரியவில்லை. ஆவணி பிறந்தது. சாவிக்கொத்தைக் கையில் எடுப்பாள், உடனே ஆணியிலேயே மாட்டிவிடுவாள். தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவாள். மில்லுக்கு மாவு அரைக்க வருகிற பெண்களிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. இனி இந்தத் தொழில் நமக்கு இல்லை என்று முடிவெடுத்து, சாவிகளை ரோசலினிடம் கொடுத்துவிடக் கூப்பிட்டனுப்பினாள்.

ரோசலின் வந்து சாவிக்கொத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப அவள் மடியிலேயே போட்டாள்.

"பழைய சந்தைப்பேட்டையில ஒரு சின்ன வூடு. பாக்க வர்றவங்க ரெண்டு வாத்தியாருங்க, புருஷன் பொண்டாட்டி. நாளைக்குப் பத்து மணிக்கு. எனக்கு வேற எடத்துல வேலை இருக்குதுங்க்கா. நீங்கதான் போகோணும்."

"என்னால ஆவாது ரோசு. கதவுகிட்டப் போனாலே காலு பின்னுது."

"பின்னட்டும். பின்னிட்டே போங்க" என்றாள் ரோசலின்.

மறுநாள் வசந்தாமணி புடவை கட்டிக்கொண்டு கேட் வரைக்கும் வந்து நின்றுவிட்டாள். திரும்பி உள்ளே போய்விடலாம் என்று கால் சொன்னது. அப்போது வாய்க்கால் பக்கத்திலிருந்து வீடு நகர்ந்து வந்து அவளுக்கு ஒரு எட்டுப் பின்னால் நின்றது. அவள் ஒரு அடி வைத்தாள், அதுவும் வைத்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் அப்படியே போனார்கள்.

சந்தைப்பேட்டையில் அந்தச் சின்ன வீட்டுக்கு எதிரே, வேப்ப மரத்தடியில் அது நின்றுகொண்டது. எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தது. பட்டப்பகலில் ஹால் லைட்டையும் போட்டது. வாத்தியார் தம்பதி வந்தார்கள். அடையாள அட்டையைத் தாங்களாகவே நீட்டினார்கள். வசந்தாமணி பூட்டைத் திறந்தாள். எதிரே எரிகிற விளக்கைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

திட்டுவதற்காக வாயைத் திறந்தாள். வரவில்லை. "சின்ன வூடுதானுங்க, ஆனா வெளிச்சம் இருக்குதுங்க" என்று உள்ளே நின்றுகொண்டே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பதறினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஏற்கெனவே ஒரு வீட்டோடு வந்திருக்கிற ஆளை இன்னொரு வீடு பிடித்து வைக்காது. வாத்தியாரம்மா மெதுவாகச் செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குள் போய்ப் பார்த்தார். சின்ன வீடு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. வசந்தாமணி ஏறினாள், வீடும் ஒடுங்கிக்கொண்டு பின்படி வழியாக ஏறியது. கண்டக்டர் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்து அவளிடம் கொடுத்தார். அடுத்து வீட்டைப் பார்த்தார்.

"இது லேடீஸா, ஜென்ட்ஸாம்மா?"

"எங்கூட வந்ததுங்க" என்றாள்.

கண்டக்டர் இன்னொரு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கதவிடுக்கில் செருகினார். பெண்கள் இருக்கையில் ஜன்னல் பக்கத்தை அவளுக்கு விட்டுவிட்டு, வீடு ஓரமாக உட்கார்ந்தது. அடுத்த ஸ்டாப்பில் ஏறிய ஒரு பூக்காரம்மா கூடையை அதன் படியில் வைத்துக்கொண்டார்.

இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து வசந்தாமணி வெளியிடத்தில் கண்ணை மூடியதில்லை. அன்று வாய்க்கால் பாலம் வருவதற்குள் தூங்கிப்போனாள். தலை சாய்ந்து நிலைக்கதவில் மோதியது. வீடு கொஞ்சம் கிட்டே நகர்ந்து கொடுத்தது. மாவு மில் ஸ்டாப் வந்ததும் அவளை எழுப்பியது.